அம்பும் பேக்கும் ஒன்றுதானே?

கேள்வி: 2025 ஆகஸ்ட் 4, மாலை 6.15

ஆண்ட்ராய்டு ஆப் ஒன்று எழுதுகிறேன். திரையின் மேலே இடது மூலையில் இருக்கும் அம்பும் கீழே ஃபோனிலேயே இருக்கும் பேக்கும் ஒரே வேலைதான் செய்கின்றன. அதனால் இரண்டிலும் ஃபினிஷ் என்று ஒரே வரி போட்டுவிட்டேன். டெஸ்டர் இதை பக் என்று பதிந்துவிட்டு மூன்று நாளாக மூட மறுக்கிறார். ஏன் என்று கேட்டால் 'அப் வேறு, பேக் வேறு' என்பதோடு சரி. வம்புக்கு இழுக்கிறார் என்பது என் கட்சி. சரிதானே?

ஆகஸ்ட் 4, இரவு 10.40

நான் டெஸ்டர் கட்சி. அவர் விளக்கம் சொல்லாததற்குக் காரணம் அவருக்கே முழுசாகத் தெரியாததாக இருக்கலாம். எனக்கும் நாலு வருஷம் தெரியாமல்தான் இருந்தது.

பேக் என்றால் வந்த வழியே திரும்புவது. அப் என்பது நீங்கள் சொல்லும் மேல் மூலை அம்பு: இந்தத் திரை எந்தத் திரைக்குக் கீழே வருகிறதோ அங்கே போவது. முதலாவது நீங்கள் நடந்த தடம். இரண்டாவது வீட்டு பிளான்.

மடிப்பாக்கத்தில் ஒரு மளிகைக் கடைக்கு நான் எழுதிய ஆப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பு வகை, அதற்குள் உளுந்து. உளுந்துத் திரையின் அடியில் 'இதோடு வாங்குபவை' என்று இட்லி அரிசி. அதைத் தொட்டால் அங்கே வெந்தயம். வெந்தயத்துக்கு அடியில், யார் பார்த்த வேலையோ, இட்லித் துணி. இப்போது பேக் அழுத்தினால் வெந்தயம், இட்லி அரிசி, உளுந்து, பருப்பு என்று ஒவ்வொன்றாகத் திரும்பும். அப் அழுத்தினால் நேரே இட்லித் துணியின் சொந்தப் பிரிவான சமையலறைச் சாமான்களுக்குப் போகும். அந்தப் பிரிவில் நீங்கள் அதுவரை காலே வைத்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் ஃபினிஷுக்கு இதெல்லாம் தெரியாது. இருக்கிற திரையை மூடும், அவ்வளவுதான். அடியில் என்ன இருக்கிறது, எதுவும் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காது.

ஆகஸ்ட் 4, இரவு 11.25

படுத்துவிட்டு எழுந்து வந்தேன். மேலே எழுதியது 2012 பாடம். ஆண்ட்ராய்டு 4 வந்த கையோடு கூகுள் போட்ட வடிவமைப்புக் கையேட்டில் அப்படித்தான் இருந்தது. ஒரு புத்தகத்தின் திரையிலிருந்து அதை வைத்து எடுத்த சினிமாவின் திரைக்குத் தாவியிருந்தால், அப் அழுத்தும்போது சினிமாப் பட்டியலுக்குப் போகலாம் என்று படம் போட்டே காட்டியிருந்தார்கள்.

இன்றைய விதி வேறு. திரை விட்டுத் திரை போவதற்குக் கூகுள் தரும் ஜெட்பேக் நேவிகேஷன் லைப்ரரியோடு வந்த கொள்கைகளில் இருக்கிறது: ஆப் தன் சொந்த டாஸ்கில் (ஃபோன் ஒன்றாகச் சேர்த்து வைக்கும் திரைகளின் அடுக்கில்) ஓடும்வரை அப்பும் பேக்கும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். ஆக இட்லித் துணியில் நின்று அம்பைத் தொட்டாலும் வெந்தயம்தான். பழைய விதி அறிவுக்குப் பொருத்தமாக இருந்தது, ஆனால் எந்த மனிதரும் அந்த அம்பிடம் அதை எதிர்பார்க்கவில்லை.

அப்படியானால் நீங்கள் சொன்னது சரியா என்றால், முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் உங்கள் டெஸ்டர் உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 5, மதியம் 1.50

அந்தக் கால்வாசி இது: முன்வாசல் வழியாக வராதவர்கள்.

உங்கள் டெஸ்டர் என்ன செய்திருப்பார் என்று ஊகிக்கிறேன். ஆப்பின் ஐகானைத் தொட்டிருக்க மாட்டார், நோட்டிஃபிகேஷனைத் தொட்டு வந்திருப்பார். அப்போது ஸ்டாக்கில், அதாவது திரைகளின் அடுக்கில், இருப்பது அந்த ஒற்றைத் திரை மட்டும். ஃபினிஷ் போட்டால் அடியில் எதுவும் இல்லை, ஆப்பே மூடிக்கொள்ளும். பேக் அழுத்தி வெளியே வந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அம்பு அப்படிச் செய்யக்கூடாது. அப் யாரையும் ஆப்பை விட்டு வெளியே தள்ளக்கூடாது என்பது 2012-லும் விதி, இன்றும் விதி. முதல் திரையில் அம்பே வைக்கக்கூடாது என்பதும் இதனால்தான். அதற்கு மேலே போக இடம் ஏது?

என் மளிகை ஆப்பில் இதே தப்பு இரண்டு மாதம் இருந்தது. 'உங்கள் சாமான் கிளம்பிவிட்டது' என்று வரும். தொட்டால் ஆர்டர் திரை. பார்த்தவர்கள், சரி, கோலப்பொடியும் சேர்த்துவிடுவோம் என்று அம்பைத் தொட்டால் ஆப் மாயம். உடனே கடைக்கு ஃபோன்: "உங்க ஆப் தானா மூடிக்குதுங்க." கடைக்காரர் எனக்கு அடிப்பார். நான் ஐகானைத் தொட்டுத் திறந்து, நாலு திரை போய்த் திரும்பிப் பார்த்துவிட்டு, "இங்க நல்லாத்தானே அண்ணா போகுது" என்பேன். இரண்டு மாதமும் இதே பேச்சு. ஒரு தடவைகூட நான் நோட்டிஃபிகேஷன் வழியாக உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

இதற்கு வைத்தியம் பட்டனில் இல்லை, வாசலில் இருக்கிறது. நோட்டிஃபிகேஷன் செய்யும்போதே டாஸ்க்ஸ்டாக்பில்டர் என்ற அடுக்கு கட்டும் கருவியை வைத்து அடியில் முகப்பு, அதன்மேல் ஆர்டர் பட்டியல், அதன்மேல் இந்த ஆர்டர் என்று அடுக்கி, அந்த அடுக்கையே பெண்டிங்இன்டென்ட் (தொடும்போது திறக்கச் சொல்லி முன்கூட்டியே தரும் உத்தரவு) ஆக்கிக் கொடுத்துவிடுங்கள். மேனிஃபெஸ்ட் என்ற ஆப்பின் விவரக் கோப்பில் ஒவ்வொரு ஆக்டிவிட்டிக்கும், அதாவது திரைக்கும், அதன் பேரன்ட் யார் என்று எழுதியிருந்தால் (ஆண்ட்ராய்டு 4.1-இல் வந்த வசதி இது) பில்டரே அதைப் படித்து அடுக்கிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு 12-ஐயோ அதற்கு மேலேயோ டார்கெட் செய்தால் (அந்தப் பதிப்புக்கென்று எழுதினால்) அந்த உத்தரவைப் பிறகு மாற்றக்கூடாதா மாற்றலாமா, அதாவது இம்யூட்டபிளா மியூட்டபிளா, என்ற கொடியையும் சொல்லியாக வேண்டும். மறந்தால் கிராஷ்.

ஆக, பயனர் நடக்காத வழியை நடந்தது போலவே ஜோடித்து வைக்கிறோம். பொய்ச்சாட்சிதான். ஆனால் இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆகஸ்ட் 5, இரவு 9.10

அம்பைக் கவனிக்க ஏற்கெனவே இருக்கும் நேவ்யூட்டில்ஸ் என்ற உதவிக் கருவி போதாதா என்று கேட்டவருக்கு: பழைய புரோகிராமில் போதும். ஷுட்அப்ரீகிரியேட்டாஸ்க் (அப் போக டாஸ்கைப் புதிதாகக் கட்ட வேண்டுமா?) என்று ஒரு கேள்வி அதில் உண்டு. தமிழில் எழுதினால் நம்மை வாயை மூடச் சொல்வது போல இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். அதை மட்டும் நம்பாதீர்கள். நோட்டிஃபிகேஷன் வழியாக வரும்போது நம் திரை நம் டாஸ்கிலேயே தனியாக உட்கார்ந்திருக்கும், இந்தக் கேள்விக்குப் பதில் 'இல்லை' என்று வந்துவிடும். கூடவே இஸ்டாஸ்க்ரூட்டையும் கேளுங்கள். டாஸ்கின் அடியில் இருப்பது நானேதானா என்பதுதான் அதன் பொருள். ஆமாம் என்றால் புது அடுக்குக் கட்டுங்கள்.

ஆகஸ்ட் 6, காலை 8.20

ரயிலில் யோசித்தது. நேற்று நோட்டிஃபிகேஷனோடு நிறுத்திவிட்டேன். அப்பும் பேக்கும் இன்றைக்கும் உண்மையிலேயே பிரியும் இடம் ஒன்றுதான், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

யாரோ சாட்டில் நம் ஆப்பின் லிங்க் ஒன்றை அனுப்புகிறார்கள். தொட்டால் நம் திரை திறக்கிறது, ஆனால் சாட் ஆப்பின் டாஸ்குக்கு மேலேயே. நாம் அங்கே விருந்தாளி. இப்போது பேக் அழுத்தினால் சாட்டுக்கே திரும்ப வேண்டும், ஏனென்றால் அவர் அங்கிருந்துதான் வந்தார். அம்பை அழுத்தினால் நம் வீட்டுக்குப் போக வேண்டும்: புது டாஸ்க், அடியில் முகப்பு, மேலே பிரிவு. ஒரே திரை, இரண்டு பட்டன், இரண்டு வெவ்வேறு ஊர். டெஸ்டர் சொன்ன 'அப் வேறு, பேக் வேறு' இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை.

நீங்களே சோதித்துப் பார்க்க: சாட்டில் உங்களுக்கே ஒரு லிங்க் அனுப்பிக்கொள்ளுங்கள். கணினியிலிருந்து ஃபோனுக்குக் கட்டளை தரும் ஏடிபி இருந்தால் அதன் டம்ப்சிஸ் கட்டளை கொண்டு ஆக்டிவிட்டி அடுக்கை அச்சடித்துப் பாருங்கள், யார் மேல் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அப்பட்டமாகத் தெரியும். அந்த அச்சை முதன்முதலில் பார்த்த அன்று என் ஆப்பின் முகப்புத் திரை ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு இருந்தது. ஆறும் ஒரே முகம்.

ஆகஸ்ட் 7, இரவு 10.05

ஆறு முகம் எப்படி வந்தது என்று ஒருவர் கேட்கிறார். முருகா. ஆர்டர் முடிந்த திரையில் 'கடைக்குத் திரும்பு' என்று ஒரு பட்டன் வைத்திருந்தேன். அதில் ஸ்டார்ட்ஆக்டிவிட்டி போட்டு முகப்பைத் திறந்துகொண்டிருந்தேன். திரும்பவில்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு கடை கட்டிக்கொண்டிருந்தேன். பேக் அழுத்தினால் கடைக்குப் பின்னால் கடை.

இதன் மறுபக்கமும் பட்டிருக்கிறேன். நூற்றுச் சொச்சம் சாமான்களை உருட்டிக் கீழே போய் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்பைத் தொட்டால், பட்டியல் மறுபடி உச்சியிலிருந்து தொடங்கும். பேக் அழுத்தினால் மட்டும் விட்ட இடத்திலேயே நிற்கும். காரணம், அப் போகும்போது மேலே இருப்பதையெல்லாம் அகற்றும் கிளியர்டாப் என்ற கொடியோடு போகிறது. பேரன்ட் ஆக்டிவிட்டி சாதாரண லாஞ்ச்மோடில் (திரை எப்படித் திறக்க வேண்டும் என்ற அமைப்பு) இருந்தால் பழையதைக் கொன்றுவிட்டுப் புதிதாகப் பிறப்பிக்கும். சாமான் திரையின் லாஞ்ச்மோடை சிங்கிள்டாப் என்று மாற்றுங்கள், சரியாகும்.

ஆகஸ்ட் 8, காலை 7.30

நேற்றைய கடைசி வரி தப்பு. மாற்ற வேண்டியது சாமான் திரையை அல்ல, பட்டியல் திரையை. யார் திரும்ப உயிர்த்து வருகிறாரோ அவருக்குத்தான் சிங்கிள்டாப். அப்போது பழைய ஆளே ஆன்நியூஇன்டென்ட் என்ற அழைப்போடு முன்னே வருவார், உருட்டிய இடமும் பத்திரமாக இருக்கும். நேற்று நான் எழுதியதை நம்பி மாற்றி, வேலை செய்யவில்லை என்று நள்ளிரவு 12.40-க்கு எழுதியிருப்பவரிடம் மன்னிப்பு.

ஆகஸ்ட் 8, காலை 7.34

அப்தான் என் ஆப்புக்கு ஆப்பு. இதை எழுதாமல் விட முடியவில்லை.

ஆகஸ்ட் 12, இரவு 11.00

இரண்டு சாயங்காலம் கடையிலேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். புரோகிராமைப் பார்த்துப் பார்த்துப் புரியாதது இங்கே புரிந்தது.

பக்கத்துத் தெரு மாமி ஒருவர் வந்தார். இடது கையில் மஞ்சப்பை, வலது கையில் ஃபோன். புத்தகம் மாதிரித் திறக்கிற அட்டைக் கவர், அதைப் பின்பக்கம் மடித்து விரலால் பிடித்திருக்கிறார். கட்டை விரல் மட்டும்தான் ஓய்வாக இருக்கிறது. அது திரையின் கீழ்ப்பாதியில் ஒரு அரைவட்டம் போடுகிறது. மேலே இடது மூலை அந்த விரலுக்கு வெளியூர். அம்பு ஒன்று அங்கே இருப்பதை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. உளுந்திலிருந்து வெளியே வர, கீழே பேக்கைத் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஆப் மூடிவிட்டது. முகம் மாறவில்லை. ஐகானைத் தொட்டு மறுபடி உள்ளே வந்தார். "இப்படித்தானே பண்ணணும்?" என்றார். டிவி குழம்பினால் அணைத்துவிட்டுப் போடுவது மாதிரி, அவருக்கு முகப்புக்குப் போகும் வழியே வெளியே போய்த் திரும்பி வருவதுதான்.

நான் அம்புக்காக ஒரு வாரம் செலவழித்திருந்தேன்.

மாமி ஒரு பக்கம் இருக்கட்டும். கடையின் டெலிவரித் தம்பி வண்டியில் மொபைல் ஹோல்டர் வைத்திருக்கிறார். அதன் நான்கு பிடிகளில் இரண்டு, ஃபோனின் இரண்டு விளிம்புகளையும் நடுவாக்கில் கவ்விக்கொண்டிருக்கின்றன. ஆண்ட்ராய்டு 10-இல் வந்த ஜெஸ்சர் முறையில் பேக் என்றால் விளிம்பிலிருந்து உள்ளே விரலை இழுக்க வேண்டும், அல்லவா? விரல் வைக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் நகம். அதன் மேலேயோ கீழேயோ இழுக்கலாம்தான், ஆனால் சிக்னலில் யார் இடம் தேடுவார்கள்? "அந்த இழுக்கிற வேலையெல்லாம் வேணாம்ணா, மூணு பட்டனே போட்டுட்டேன்" என்றார். மழைக்கு மேலே ஜிப் கவர் வேறு போடுவாராம்.

டெலிவரி ஆட்களின் திரையில் மட்டும் கீழேயே பெரிதாக 'முடிந்தது, அடுத்தது' என்று ஒரு பட்டன் வைத்தேன். அம்பும் வேண்டாம், பேக்கும் வேண்டாம்.

ஆகஸ்ட் 14, மதியம் 2.15

ஜெஸ்சர் என்றதும் பக்கவாட்டு மெனு பற்றி ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள். இடது விளிம்பிலிருந்து இழுத்தால் மெனு திறக்க வேண்டுமா, பேக் போக வேண்டுமா? சிஸ்டம் ஜெயிக்கும். விளிம்பில் ஒரு பகுதியை விட்டுக்கொடு என்று கேட்க வழி உண்டு, ஆனால் ஒவ்வொரு விளிம்பிலும் செங்குத்தாக 200 டிபிக்கு (ஆண்ட்ராய்டில் திரையை அளக்கும் அலகு) மேல் தராது. என் கருத்து: விட்டுக்கொடு என்று கேட்காதீர்கள். மெனுவை எடுத்துவிட்டு அடியில் நாலு டேப் வையுங்கள். நான் வைத்தேன்.

வைத்ததும் புதுத் தலைவலி. ஒவ்வொரு டேபுக்கும் தனி ஸ்டாக் வேண்டுமல்லவா? நேவிகேஷன் லைப்ரரியில் இது ஒழுங்காகக் கைக்கு வந்தது 2022-இல், 2.4 பதிப்பில்தான். அதற்கு முன் எல்லோரும் ஆளுக்கொரு சொந்தச் சமையல். என் சமையலை நான் இங்கே காட்டப்போவதில்லை.

ஆகஸ்ட் 19, இரவு 12.10

இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுதுகிறேன்.

பணம் கட்டும் திரை. யுபிஐ இன்டென்ட் அனுப்பினால் வாடிக்கையாளரின் யுபிஐ ஆப் திறக்கும், பின்னை அடிப்பார், நம் ஆப்புக்குத் திரும்புவார், 'ஆர்டர் முடிந்தது' திரை. அதன் அடியில் பணம் கட்டும் திரை அப்படியே கிடந்தது. பேக் அழுத்தினால் ₹340 கட்டவும் என்ற பட்டன் பளிச்சென்று மறுபடி வந்து நிற்கும். ஒருவர் கட்டினார். இரண்டாவது தடவையும் கட்டினார். அவரைக் குற்றம் சொல்ல எதுவுமில்லை. கட்டச் சொல்லித் திரை கேட்டது, அவர் கட்டினார். கடைக்காரர் மறுநாள் பணத்தைக் கையிலேயே கொடுத்துவிட்டு என்னிடம், "கம்ப்யூட்டர் கேட்டா ஜனங்க குடுத்துடுவாங்க தம்பி, நீதான் கேக்காம வைக்கணும்" என்றார்.

முதலில் நான் செய்தது மடத்தனம். 'முடிந்தது' திரையில் பேக்கையே அடைத்துவிட்டேன், அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஆப் செத்துவிட்டது என்று நினைத்து நாலு பேர் ஆப்பை வலுக்கட்டாயமாக மூடினார்கள். சரியான வழி, 'முடிந்தது' திரைக்குப் போகும்போதே கூடை, முகவரி, பணம் மூன்றையும் ஸ்டாக்கிலிருந்து உருவிவிடுவது. பாப்அப்டு என்று முகப்பைச் சொன்னால் நடுவில் இருப்பதெல்லாம் போய்விடும். பேக் அழுத்தினால் நேரே கடை.

ஆகஸ்ட் 19, காலை 9.45

தூங்கி எழுந்து பார்த்தால் அதுவும் பாதி மருந்துதான். யுபிஐ ஆப்பில் இருக்கும்போது நெட் போய், நம் ஆப்புக்கு வந்ததும் 'தோல்வி' என்று காட்டி, பணம் போயிருந்தால்? எந்த ஸ்டாக்கும் காப்பாற்றாது. ஒரே ஆர்டர் எண்ணுக்கு இரண்டாவது தடவை பணம் கேட்காதே என்று சர்வர்தான் சொல்ல வேண்டும். இப்போது கட்டும் திரை திறந்ததும் முதலில் சர்வரைக் கேட்கிறது. பேக் பட்டனைப் பூட்டிப் பணத்தைக் காப்பாற்ற நினைத்ததை என்னவென்று சொல்வது.

ஆகஸ்ட் 23, மாலை 5.30

ஐஃபோன் ஆட்கள் உள்ளே வந்து, 'எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை' என்கிறார்கள். உண்மைதான், அவர்கள் ஃபோனில் சிஸ்டம் பேக் என்று ஒன்றே கிடையாது. நேவிகேஷன் கன்ட்ரோலர் தரும் மேல் மூலைப் பட்டன், 2013-இல் ஐஓஎஸ் 7-ஓடு வந்த இடது விளிம்பு இழுப்பு, இரண்டும் ஒரே வேலை. அப்புறம் 2015-இல் ஐஓஎஸ் 9-இல் வேறு ஆப்பிலிருந்து லிங்க் வழியாக வந்தால் மேலே மூலையில் குட்டியாக அந்த ஆப்பின் பெயர் வந்து நின்றது. ஆக விருந்தாளிப் பிரச்சினை அவர்களுக்கும் உண்டு, பதில்தான் வேறு. ஐஓஎஸ் 14-இலிருந்து பேக் பட்டனை அழுத்திப் பிடித்தால் முழு அடுக்கும் பட்டியலாக விழும். இது எனக்குப் பொறாமை. மாமி கண்டுபிடிக்க மாட்டார் என்பது வேறு.

ஆனால் தொல்லையே இல்லை என்று சொல்லாதீர்கள். அழகுக்காக அந்தப் பட்டனை எடுத்துவிட்டுச் சொந்தப் படம் வைத்த எத்தனை ஆப்பில் விளிம்பு இழுப்பு செத்துக் கிடக்கிறது?

ஆகஸ்ட் 24, காலை 10.00

டிசைனர் ஐஃபோனுக்கு வரைந்த படத்தையே ஆண்ட்ராய்டுக்கும் தந்து, எல்லாத் திரையிலும் அம்பு இருக்கிறதே, முகப்பில் என்ன செய்ய என்று கேட்டவருக்கு: அழியுங்கள். கேட்காமல் அழியுங்கள்.

செப்டம்பர் 6, இரவு 10.50

இரண்டு வாரம் காணோமே என்று கேட்டீர்கள். ஆண்ட்ராய்டு 16 வந்தது, டார்கெட்டை அதன் எண்ணான 36-க்கு ஏற்றலாம் என்று கை வைத்தேன். ப்ளே ஸ்டோர் இந்த ஆகஸ்ட் கடைசிக்குக் கேட்டது 35-தான், முந்திக்கொண்டது என் கொழுப்பு.

ஏற்றியதும் கிராஷ் இல்லை, லாகில் ஒரு எழுத்து இல்லை. ஆனால் தேடல் பெட்டி திறந்திருக்கும்போது பேக் இழுத்தால், பெட்டி மூடுவதற்குப் பதில் ஆப்பே பின்னால் போய்விட்டது. ஆன்பேக்பிரஸ்டு என்ற பழைய ஃபங்ஷனில்தான் பெட்டியை மூடும் வரி இருந்தது. 36-ஐ டார்கெட் செய்தால் அதை யாரும் கூப்பிடுவதே இல்லை. ஆண்ட்ராய்டு 13-லேயே கைவிடப்பட்டது என்று கோடு போட்டுக் காட்டினார்கள், நான் மஞ்சள் கோடுகளைப் பார்ப்பதை நிறுத்தி ரொம்ப நாள்.

காரணம் நியாயமானது. இப்போது விளிம்பிலிருந்து மெதுவாக இழுத்தால், விரலை விடும் முன்பே பின்னால் என்ன திரை வரும் என்று லேசாக விலக்கிக் காட்டுகிறது. பிடிக்காவிட்டால் விரலைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடலாம். அப்படிக் காட்ட வேண்டுமென்றால் 'இந்தப் பேக்கை ஆப் எடுத்துக்கொள்ளுமா, சிஸ்டமா' என்று இழுக்கத் தொடங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். பழைய ஃபங்ஷன் அழுத்தி முடித்தபிறகுதான் யோசிக்கும். அதனால்தான் இப்போது ஆன்பேக்பிரஸ்டுகால்பேக்: தேடல் பெட்டி திறந்தால் அதை எனேபிள் செய், மூடினால் டிசேபிள் செய். முன்கூட்டியே கையைத் தூக்கு என்பதுதான் ஒப்பந்தம். கூகுளின் இன்னொரு ஆப் கருவியான ஃபிளட்டரில் வில்பாப்ஸ்கோப் போய் பாப்ஸ்கோப் வந்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

அவசரம் என்றால் மேனிஃபெஸ்டில் எனேபிள்ஆன்பேக்இன்வோக்டுகால்பேக்கை ஃபால்ஸ் ஆக்கி இப்போதைக்குத் தப்பிக்கலாம். நான் தப்பிக்கவில்லை, 17 இடம் மாற்றினேன். அதில் 9 இடம் 'வெளியேற மீண்டும் அழுத்தவும்' வகையறா. மாற்றவில்லை, அழித்தேன். ஆண்ட்ராய்டு 12-இலிருந்து முதல் திரையில் பேக் அழுத்தினால் ஆப் சாவதே இல்லை, பின்னால் போய் நிற்கிறது, தொட்டால் அப்படியே வருகிறது. போகிறவரை வாசலில் நிறுத்தி நிஜமாகவே போகிறீர்களா என்று கேட்பது எந்த வீட்டுப் பழக்கம்?

செப்டம்பர் 7, காலை 8.05

ஒரு இடத்தில் மட்டும் கேட்கிறேன்: முகவரி பாதி எழுதியிருக்கும்போது. அதையும் எடுத்துவிட்டு எழுதியதைத் தானே சேமித்து வைக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். அவர் சொல்வதுதான் சரி. சோம்பேறித்தனம்.

அக்டோபர் 1, மாலை 4.20

ஆயுத பூஜை. டெஸ்ட் ஃபோன் ஐந்தையும் துடைத்து வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தாயிற்று. ரிச்சி தெருவில் வாங்கிய பழைய ஃபோன் ஒன்றில் பேக் பட்டன் ஹோமுக்கு வலப்பக்கம், இன்னொன்றில் இடப்பக்கம். இரண்டுக்கும் பட்டன் மேலேயே சந்தனம் வைத்துவிட்டார் வீட்டில். வலப்பக்கத்துக்காரர் இப்போது தானே பேக் அழுத்திக்கொண்டிருக்கிறார். எந்த ஆப்பும் நிற்கவில்லை. இதைவிடக் கடுமையான டெஸ்ட் நான் செய்ததில்லை.

அக்டோபர் 4, இரவு 9.30

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். டெஸ்டர் உண்மையிலேயே நோட்டிஃபிகேஷன் வழியாகத்தான் வந்திருக்கிறார். அடுக்கு கட்டியதும் பக்கை மூடிவிட்டாராம். மூடின கையோடு புதிதாக ஒன்று பதிந்திருக்கிறார்: 'பெயர் அப், அம்பு இடப்பக்கம் காட்டுகிறது.' இதற்கு என்னிடம் பதில் இல்லை. 2011-இல் ஹனிகோம்பில் (ஆண்ட்ராய்டு 3) ஆப் ஐகானுக்குப் பக்கத்தில் குட்டிக் கொக்கியாக இருந்தபோதே அது இடப்பக்கம்தான் பார்த்தது. 2014-இல் லாலிபாப்பில் (ஆண்ட்ராய்டு 5) முழு அம்பாக வளர்ந்தபிறகும் திரும்பவில்லை.

அக்டோபர் 11, இரவு 10.15

மாமி கடைக்கு வந்திருக்கிறார். நானும் இருந்தேன். புகார் இருக்கிறது.

"முன்னெல்லாம் சாமான் கெளம்பிடுத்துன்னு வரும், தொட்டுப் பாப்பேன், ஒரு தட்டு தட்டினா வெளிய வந்துடும். இப்ப மூணு தட்டணும். கடை முழுக்கக் காட்டறது."

அதுதான் நான் ஜோடித்த அடுக்கு. ஆர்டர், ஆர்டர் பட்டியல், முகப்பு. கையேட்டுப்படி கட்டியது, டெஸ்டர் தலையாட்டுவது, ஆனால் மாமி கோலப்பொடி சேர்க்க வரவில்லை. எட்டிப் பார்க்க வந்தவர். நான் எட்டிப் பார்த்தவரைக் கூடம் வழியாகத்தான் வெளியே அனுப்புவேன் என்று பிடித்து வைத்திருக்கிறேன்.

"நடுவுல வட்டமா ஒண்ணு இருக்கு பாருங்க மாமி, அதைத் தட்டினா ஒரே தட்டுல வெளிய வந்துடலாம்."

"அதைத் தட்டினா ஃபோன் அணைஞ்சுடும்னுன்னா இருந்தேன்."

தட்டிப் பார்த்தார். அணையவில்லை. இருந்தும் நம்பிக்கை வரவில்லை, மறுபடி உள்ளே போய்ப் பேக்கை மூன்று தட்டுத் தட்டியே வந்தார்.

வீட்டுக்கு வந்து ஆர்டர் பட்டியலை அடுக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஐகான் வழியாக வந்தவர் நடக்கிற வழி இதுவல்ல, ஆக விதிப்படி தப்பு. அம்பைத் தொட்டாலும் நேரே கடைதான். இப்போது இரண்டு தட்டு. நாளைக்கு அப்டேட் போகிறது, மாமியிடம் இன்னும் சொல்லவில்லை.